பதிமூணு மார்க்கும் ஒரு ரப்பர் ஹோஸும்

டிஃபரென்ஷியல் பற்றி 13 மார்க் கேள்வி வந்தால் எங்கள் வகுப்பில் யாரும் பயப்பட மாட்டோம். கிரவுன் வீல், பினியன், சன் கியர் ரெண்டு, நடுவில் ஸ்டார் பினியன். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு பக்கம் விளக்கம் எழுதினால் 11 மார்க்காவது விழும். நானும் எழுதினேன், விழுந்தது. ஆனால் ஒரு டிஃபரென்ஷியல் வேலை செய்வதை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது போன நவம்பரில், மாமா வீட்டு வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்தபோதுதான். அதைக் காட்டியவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு அண்ணாச்சி.

(எல்.கே.ஜி.யிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழையை எடிட்டர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சம் இருந்தால் அவரைத் திட்டுங்கள்.)

மாமாவுக்கு வெம்பக்கோட்டை பக்கம் போர் மோட்டார் வேலை. மோட்டார் எரிந்துபோச்சு என்று போன் வந்தால் பைப், கேபிள், செயின் பிளாக் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போகணும். எங்கள் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த காடு கிடையாது, மானாவாரி நிலம். சோளம், பருத்தி, மக்காச்சோளம் போடுகிற கரிசல். கோடையில் அந்த மண்ணில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். ஐப்பசியில் மழை விழுந்ததும் வெடிப்பெல்லாம் மூடி, ஊதி, பசையாகிவிடும். சிவில் படிக்கிற நண்பர்களுக்கு மான்ட்மோரில்லோனைட் என்று சொன்னால் புரியும். மற்றவர்களுக்கு: செருப்போடு பத்து அடி நடந்தால் செருப்பு ஒவ்வொன்றும் அரைக் கிலோ. டயரின் பட்டன் இடுக்கெல்லாம் மண் அடைத்து டயர் வழுவழுவென்று ஆகிவிடும். அப்புறம் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அதற்காகத்தான் மாமா பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஃபோர் வீல் பிக்கப்பைத் தேடிப்பிடித்து வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். எல்லாக் கம்பெனியிலும் பழசானால் நடக்கிற கதைதான். தரையில் ரெண்டாவது லீவர் இருக்கும். 2-ல் இருந்தால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், 4-ல் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். டாஷ்போர்டில் பச்சை லைட் எரியும்.

அன்றைக்கு லைட் எரிந்தது. முன் சக்கரம் இழுக்கவில்லை. ராத்திரி ஏழு மணிக்கு, தார் ரோட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ளே, அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. மறுநாள் டிராக்டர் வைத்து இழுத்தார்கள். வாடகை 2500 ரூபாய், பம்பர் கோணல் இலவசம்.

வண்டியைக் கொண்டுபோன ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு, இறக்கணும், 45 ஆயிரம் ஆகும்" என்றார்கள். மாமா எனக்குப் போன் போட்டார். "மாப்ள, நீ இதத்தானே படிக்கிற? என்ன சொல்ற?"

நான் அரை மணி நேரம் வீடியோ பார்த்தேன். ஒருத்தர் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் நீண்டுபோய் முன் ஷாஃப்டுக்குப் பவர் போகவில்லை என்று அழகாக அனிமேஷன் காட்டினார். "ஆமா மாமா, டிரான்ஸ்ஃபர் கேஸ்தான், செயின் போயிருக்கும்" என்றேன். வண்டியைத் தொடவே இல்லை. நான் ஹாஸ்டலில் இருந்தேன், வண்டி 80 கிலோமீட்டர் தள்ளி நின்றது. இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. மாமா அந்தப் பேச்சை நம்பி வண்டியை விற்றுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். 45 ஆயிரம் அவருக்கு நல்ல சீசனில் ரெண்டு மாச மிச்சம்.

தடுத்தது அண்ணாச்சி. சாத்தூர் பக்கம் முன்னால் ஜீப் மெக்கானிக்காக இருந்தவர், இப்போது கண் சரியாகத் தெரியாததால் கடையை மகனிடம் விட்டுவிட்டார். மாமாவுக்குப் பழக்கம். நான் சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அவரும் வந்திருந்தார். நான் என் செயின் தியரியை விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்:

"தம்பி, நெனச்சியா, பாத்தியா?"

அப்புறம் மாமாவிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஸ்பேனர் எடுக்கவில்லை, கேள்வி மட்டும். கடைசியா 4-ல எப்ப போட்டீக? போன மழைக்கு. நடுவுல போடவே இல்லையா? இல்ல. 4-ல போட்டா கடகடன்னு சத்தம் வருதா? இல்ல. டயர் நாலும் ஒரே சைஸா? முன்னாடி ரெண்டும் புதுசு. வேற ஏதாச்சும் மாறியிருக்கா, சம்பந்தம் இல்லைன்னு தோணுனாலும் சொல்லுங்க. மாமா யோசித்துவிட்டு, "4-ல போட்டா பிரேக் கட்ட மாதிரி ஆயிருது அண்ணாச்சி. சேத்துக்குள்ள மெதுவாப் போறதால கண்டுக்கல" என்றார்.

அண்ணாச்சி சிரித்தார். எனக்கு ஏன் என்று புரியவில்லை.

இப்போது பவர் போகிற பாதையைக் கொஞ்சம் பார்ப்போம். என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ். அதன் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கிருந்து பின்னால் ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், முன்னால் ஒன்று. முன் ஷாஃப்ட் முன் டிஃபரென்ஷியலுக்கு, அங்கிருந்து இடமும் வலமும் ஆக்சில் ஷாஃப்ட், கடைசியில் சக்கரத்துக்கு முன்னால் ஹப் லாக். இந்த ஹப் லாக்கை நம் புத்தகம் கண்டுகொள்வதே இல்லை. 2-ல் ஓடும்போது முன் ஆக்சிலும் டிஃபரென்ஷியலும் சும்மா சுற்றி டீசலைத் தின்ன வேண்டாம் என்று சக்கரத்தை ஆக்சிலிலிருந்து கழற்றி வைக்கிற சின்ன கிளட்ச் அது. ரெண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவ ஜீப்புகள் சாதாரண ஜனங்கள் கைக்கு வந்த காலத்தில், 1948-இல், அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் இதைச் செய்து விற்க ஆரம்பித்தார். பழைய வண்டிகளில் கீழே இறங்கிக் கையால் திருகணும். மாமா வண்டியில் வேக்குவம் இழுத்து லாக் ஆகும்.

ஆக, முன் சக்கரம் சுற்றவில்லை என்றால் இந்த நீளப் பாதையில் எங்கே வேண்டுமானாலும் அறுந்திருக்கலாம். ஒர்க்‌ஷாப்பும் நானும் நடுவில் இருக்கிற பெரிய பெட்டியைக் கை காட்டினோம். அண்ணாச்சி பாதையை ரெண்டாக வெட்டினார்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைத்து, என்ஜினை அணைத்தோம். லீவரை 2-ல் போடச் சொல்லிவிட்டு என்னைக் கீழே படுத்து முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றச் சொன்னார். சுற்றியது. "இப்ப 4-ல போடு." போட்டேன். ஷாஃப்டைப் பிடித்துத் திருகினேன், அசையவில்லை. அவ்வளவுதான். 4-ல் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளணும், கோத்திருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பிடிக்கிறது. செயின் லோடில் தாவினால் சத்தம் வரணும், அதுவும் இல்லை. 45 ஆயிரம் ரூபாய் பில்லுக்கு விடை ரெண்டு நிமிஷத்தில், ஒரு கையில்.

அடுத்து, ஒரு முன் சக்கரத்தைத் தூக்கினோம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்கணும். வண்டி இப்படி நிற்கும்போது யாரும் உள்ளே ஏறிக் கியர் போட்டுப் பார்க்கக் கூடாது. பின் சக்கரம் தரையில் இருக்கிறது, வண்டி ஸ்டாண்டை விட்டுக் குதித்துவிடும். எங்களுக்கு ஹப்புக்கு வேக்குவம் வேண்டும் என்பதால் நியூட்ரலில் என்ஜின் ஓடியது. மாமா டிரைவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார், என் தம்பியைக்கூட கிட்டே விடவில்லை.

4-ல் இருக்கும்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது சுற்றக் கூடாது. சுற்றியது. உள் பக்கம் எட்டிப் பார்த்தால் ஆக்சில் ஷாஃப்ட் சும்மா நின்றது. அதாவது ஹப் லாக் ஆகவில்லை. அந்தப் பக்கத்தை இறக்கி மறு பக்கம் தூக்கினோம். அங்கேயும் அதே கதை.

"ரெண்டு ஹப்பும் ஒரே நாள்ல செத்துப்போகுமா?" என்று அண்ணாச்சி கேட்டார். அங்கேதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ரெண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? வேக்குவம். அந்த வேக்குவம் எங்கிருந்து வருகிறது? ஆல்டர்னேட்டர் பின்னால் இருக்கிற பம்ப்பிலிருந்து. அதே பம்ப் வேறு எதற்கு வேலை செய்கிறது? பிரேக் பூஸ்டருக்கு! 4-ல் போட்டதும் ஹப் லைனின் வால்வு திறக்கிறது, லைனில் எங்கேயோ காற்று இழுக்கிறது, பூஸ்டருக்கு வேக்குவம் குறைகிறது, பிரேக் கட்டையாகிறது. மாமா ஒரு வருஷமாக விடையைக் காலால் மிதித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பேட்டரி தட்டுக்குப் பின்னால் இரண்டு ஹப்புக்கும் பிரிகிற டி-ஜாயிண்டில் ரப்பர் ஹோஸ் சூட்டில் காய்ந்து நீளவாக்கில் வெடித்திருந்தது. காதை வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்டது. புது ஹோஸ், ரெண்டு கிளிப்: 180 ரூபாய்.

மாட்டிவிட்டு மறுபடி இடது சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினோம். சுற்றியது! எனக்குப் பாதி உயிர் போச்சு. அண்ணாச்சி பதறவில்லை. "உள்ள பாரு." இப்போது இடது ஆக்சில் ஷாஃப்ட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றியது. இடது ஹப் லாக் ஆகிவிட்டது. முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் அசையவில்லை. அப்படியென்றால் சுற்று எங்கே போகிறது? "அந்தப் பக்கம் போய்ப் பாரு." மாமா கதவை விடாமல் நிற்க, தம்பி தள்ளி நின்று இடது சக்கரத்தைச் சுற்ற, நான் வலது பக்கம் முட்டி போட்டுப் பார்த்தேன். வலது சக்கரம் தரையில் சும்மா நிற்கிறது. அதன் ஆக்சில் ஷாஃப்ட் மட்டும் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.

கிரவுன் வீல் நின்றால் ஒரு சன் கியர் முன்னால் போக இன்னொன்று அதே அளவு பின்னால் போகும். என் விடைத்தாளில் இதே வாக்கியம் இருக்கிறது, மார்க்கும் வாங்கியது. ஆனால் அதைப் பார்த்த உடனே "அப்போ வலது ஹப் இன்னும் பிடிக்கவில்லை" என்று என் வாய் சொன்னது அன்றைக்குத்தான். கழற்றினோம். பழைய கிரீஸும் கரிசல் தூசியும் சேர்ந்து கருப்பட்டி பாகு மாதிரி இறுகியிருந்தது. டீசலில் கழுவி, லேசாக மட்டும் கிரீஸ் தடவி மாட்டினோம். கிரீஸை அள்ளி அப்பினாலும் ஹப் பிடிக்காது என்றார் அண்ணாச்சி. மூன்றாவது தடவை சக்கரத்தைச் சுற்றியபோது அது சுற்றவில்லை. இவ்வளவு சந்தோஷமாக எதுவும் சுற்றாமல் போய் நான் பார்த்ததில்லை.

லைட் விஷயம் பாக்கி இருக்கிறது. பச்சை லைட்டின் சுவிட்ச் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் இருக்கிறது. லீவர் விழுந்துவிட்டது என்பதைத்தான் அது சொல்லும். ஹப் பிடித்ததா, சக்கரத்துக்குப் பவர் போனதா என்று அதற்குத் தெரியாது. மாமா அந்த லைட்டை நம்பித்தான் சேற்றுக்குள் இறங்கினார். டயர் பற்றியும் அண்ணாச்சி திட்டிவிட்டுப் போனார். முன் டயர் விட்டம் 700 மில்லிமீட்டர், தேய்ந்த பின் டயர் 680 என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட 30 மீட்டர் ஒத்துப்போகாது. சேற்றில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத இந்த மாதிரி வண்டியைத் தார் ரோட்டில் 4-ல் ஓட்டினால் அந்த முறுக்கு முழுக்க ஷாஃப்ட் மேலும் கியர் மேலும் ஏறும். லீவர் 2-க்கு வராமல் இறுகி நிற்பதும் இதனால்தான். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டுக் கழன்று வரும்.

இதையெல்லாம் ஏன் கல்லூரி இதழில் எழுதுகிறேன்? நாம் எழுதுகிற 100 மார்க் பேப்பரை எடுத்துப் பாருங்கள். பத்து ரெண்டு மார்க், அஞ்சு பதிமூணு மார்க், ஒரு பதினஞ்சு மார்க். "தெளிவான படத்துடன் விளக்குக" என்று வரும். ஹாட்ச்கிஸ் டிரைவுக்கும் டார்க் டியூப் டிரைவுக்கும் வித்தியாசம் கேட்பார்கள். "ஒரு வண்டியில் லைட் எரிகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை, பிரேக் கட்டையாக இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பாய், ஏன்?" என்று நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் யாரும் கேட்டதில்லை. நம் லேபில் சிவப்பு, மஞ்சள், நீலம் அடித்து வெட்டி வைத்திருக்கிற மாடல்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பழுதே வராது. எல்லாம் சரியாக இருக்கும்போது எப்படி ஓடும் என்பதை மட்டும் படித்துவிட்டு வெளியே போகிறோம். வெளியே நம்மிடம் வருவது எல்லாம் ஓடாததுதான்.

இதைச் சொன்னால் நண்பன் ஒருத்தன் கேட்டான்: "அது மெக்கானிக் வேலை மச்சி, ஐ.டி.ஐ. பசங்க பாத்துப்பாங்க. நாம டிசைன் பண்றவங்க." எனக்கு இது ஒத்துவரவில்லை. 45 ஆயிரம் சொன்னவரும் மெக்கானிக்தான், 180 ரூபாயில் முடித்தவரும் மெக்கானிக்தான். ஒருத்தர் பார்ட்ஸை மாற்றினார், ஒருத்தர் காரணத்தைத் தேடினார். ஒர்க்‌ஷாப்காரரைத் திருடர் என்றும் நான் சொல்ல மாட்டேன். வாசலில் பத்து வண்டி நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் யோசிக்க யாரும் கூலி கொடுப்பதில்லை. மாற்றின பார்ட்ஸுக்குத்தான் பில் போட முடியும். ஆனால் மார்க்கெட்டில் தேடுவதற்குக் கூலி இல்லை என்றால், அதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடம் கல்லூரியாவது இருக்கணும் இல்லையா? ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்களுக்கும் இது வேறு பாடம் இல்லை. கோடில் பக் தேடுகிறவனும் பாதையை ரெண்டாகத்தான் வெட்டுகிறான்.

நம்ம ஊரில் இது வண்டியோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் என்று தேதிகளை வைத்து நினைவு வைத்துக்கொள்கிற ஜில்லா இது. முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் போனார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் செய்தியில் ஒரு வார்த்தை வரும்: "மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக". உராய்வு உண்மைதான். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று நான் சொன்ன மாதிரி அதோடு கதவை மூடிவிடுகிறோம். ஒரு அறையில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள்? எவ்வளவு மருந்து உள்ளே இருந்தது? ஏன் அவ்வளவு அவசரம்? அங்கே வேலை செய்கிற அக்காவிடம், "சம்பந்தம் இல்லைன்னு தோணுனாலும் சொல்லுங்க" என்று விபத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருக்கிறார்களா? பிரேக் கட்டையான மாதிரி ஏதாவது ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும். நம் வகுப்பில் பாதிப்பேருக்கு வீட்டிலோ தெருவிலோ அந்த வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு நம்மில் யாராவது பாதுகாப்பு அதிகாரியாகவும் போவோம். படம் போட்டு விளக்குகிற பழக்கத்தோடு மட்டும் போனால் என்ன செய்வோம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் கேட்பது சிலபஸ் மாற்றம் இல்லை. அதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான். ஒரு இன்டெர்னலை மட்டும் இப்படி நடத்துங்கள்: ஓடுகிற ஒரு என்ஜினில் சார் ஏதாவது ஒன்றைக் கழற்றி விடட்டும். ஒரு ஹோஸ், ஒரு ஃபியூஸ், எது வேண்டுமானாலும். நாங்கள் ரெண்டு ரெண்டு பேராக வந்து, எதைப் பார்த்தோம், பார்த்ததால் எதை விலக்கினோம் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறோம். கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்காவிட்டாலும் அந்தத் தாளுக்குத்தான் மார்க்.

அதுவரைக்கும் ஒர்க்‌ஷாப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிற டிபார்ட்மென்ட் ஜீப் இருக்கிறது. நான் முதல் வருஷம் சேர்ந்தபோதே அது ஓடவில்லை. ஏன் என்று லேப் அண்ணனிடம் கேட்டேன், "என்ஜின் போச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். சாவி ஹெச்.ஓ.டி. ரூமில் இருக்கிறது, கேட்டால் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கப் போகிறோம், இப்போதைக்கு அஞ்சு பேர். வருகிறவர்கள் பழைய சட்டை போட்டு வாங்க. கட்டையும் ஸ்டாண்டும் நான் மாமாவிடம் வாங்கி வருகிறேன்.